பகலில் பேசாத மகள்

எனக்குத் தூத்துக்குடி துறைமுகத்தில் இரவுப் பணி. பகலில் தூங்குவேன். மூன்று வயது மகள் பாலர் பள்ளியில் சேர்ந்து மூன்று மாதமாகியும் வாய் திறக்கவில்லை என்றார் டீச்சர்.

"காது டாக்டர்ட்ட காட்டுங்க சார்."

காட்டினோம். குறை ஏதுமில்லை. மாலையில் என்னிடம் நன்றாகத்தானே பேசுகிறாள்? குழம்பிப்போனேன்.

ஒருநாள் பள்ளி ஜன்னலோரம் நின்று பார்த்தேன். எல்லோரும் பாட, மகளின் உதடு சத்தமில்லாமல் அசைந்தது. பக்கத்துச் சிறுமி உரக்கப் பாடியதும் மகள் அந்தச் சிறுமியின் வாயைப் பொத்திக் கிசுகிசுத்தாள்.

"ஏளா, சத்தம் போடாத. அப்பா தூங்குதாவ."

அவளுக்குப் பகல் என்றாலே நான் தூங்கும் நேரம்.

"நீங்க தூங்கணும்னுதான அப்படிப் பழக்குனேன்?" என்றாள் மனைவி. யாரைக் குறை சொல்வது?

இப்போது காதில் பஞ்சு வைத்துப் படுக்கிறேன். வீட்டில் பகலிலும் பாடச் சொல்கிறோம். பள்ளியில் எப்போது பாடுவாளோ, தெரியவில்லை. நேற்று அவள் பாட்டுச் சத்தத்தில் விழித்துக்கொண்டேன். நிறுத்திவிடுவாளோ என்று கண்ணைத் திறக்கவே இல்லை.