எடுத்துக்காட்டுக்கு ஒரு பட்டறைத் தொழிலாளி

உளவியல் ஆலோசகராக இருந்துகொண்டு டிவி விவாதத்தில் போய் உட்காருவது எனக்குப் பிடிக்கும். மறைக்க என்ன இருக்கிறது? காய் வாங்கப் போனால், "மேடம், நேத்து கட்சிக்காரர நல்லா கேட்டீங்க" என்று யாராவது சொல்வார்கள். யாரும் சொல்லாவிட்டால் அன்று முழுக்க எனக்கு இருப்புக்கொள்ளாது.

தேர்தல் சமயத்தில், கட்சிச் சண்டையால் குடும்பங்கள் பிரிவது பற்றிப் பேச உள்ளூர் சேனலில் கூப்பிட்டார்கள். நெறியாளர் குறுக்கிட்டு, "உங்ககிட்ட வர்றவங்கள்ல ஒரு உதாரணம் சொல்லுங்க மேடம்" என்றார். எங்கள் தொழிலில் வந்தவர் கதையை அப்படியே சொல்லக் கூடாது; ஆள், ஊர், வேலை எல்லாவற்றையும் மாற்றிவிடுவோம். எனக்கு ஞாபகம் வந்தவர், தங்கையோடு பேச்சை நிறுத்திவிட்ட கருவடிக்குப்பத்து டீச்சர். மூன்றே நொடியில் அவரை ஆணாக்கினேன். தட்டாஞ்சாவடிப் பட்டறை ஒன்றில் வேலைக்குச் சேர்த்தேன். தங்கையை அண்ணனாக்கினேன். ஒரே வீடு, மாடியில் ஒரு கொடி, கீழே ஒரு கொடி, படிக்கட்டில் பூட்டு என்று கொஞ்சம் மசாலாவும் தூவினேன். நெறியாளருக்கு ஒரே சந்தோஷம். எனக்கும்தான். அந்தத் துண்டு வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் சுற்றியது.

அடுத்த செவ்வாய்க்கிழமை, தூக்கம் வரவில்லை என்று ஆறு வாரமாக வந்துகொண்டிருந்த லேத் தொழிலாளி வந்தார். நாலு வாரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தவர், அப்போதுதான் வாய் திறக்க ஆரம்பித்திருந்தார். அன்று உட்காரவில்லை.

"எங்க அண்ணன எதுக்கு மேடம் டிவில இழுத்தீங்க?"

"அது நீங்க இல்லிங்க," என்றேன்.

"பட்டறைல அத்தினி பேரும் என்னத்தான் சொல்றானுங்க. ஆறு மாசமா பேசாத அண்ணன் எறங்கி வந்து, வூட்டு விஷயத்த வெளில சொல்லிட்டியாடான்னு கேக்குறாரு. நான் இல்லன்னா வேற யாரு?"

வேறு யார் என்று எப்படிச் சொல்வது? அது இன்னொருவரின் ரகசியம். "சத்தியமா நீங்க இல்ல. தற்செயலா பொருந்திடுச்சு," என்றேன்.

"நீங்க சொன்னா சரி மேடம்," என்று கிளம்பிவிட்டார்.

எனக்குக் கோபம்கூட வந்தது. ஊரில் வேறு அண்ணன் தம்பி சண்டையே கிடையாதா? ஆனாலும் அடுத்து வந்த இரண்டு பேர் சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை. மத்தியானம் அவருடைய ஃபைலை எடுத்தேன். ஐந்தாம் வாரக் குறிப்பு, என் கையெழுத்து: அண்ணன் வேறு கட்சி. ஒரே வீடு. படிக்கட்டில் பூட்டு.

அந்தப் பூட்டு என் கற்பனை என்று யாரிடமும் அடித்துச் சொல்லியிருப்பேன். மறதி எப்படி வேலை செய்கிறது என்று ஊருக்கெல்லாம் விளக்குகிறவள் நான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே வாய் என்னுடையது, கெட்டது அவர். வெட்கமாக இருந்தது.

இரண்டு நாள் போனை எடுப்பதும் வைப்பதுமாக அலைந்தேன். புகார் கொடுத்துவிடுவாரோ என்ற பயமும் இருந்தது. கடைசியில் கூப்பிட்டேன்.

"டிவில நான் சொன்னது உங்க கதைதாங்க. எனக்கே தெரியாம வந்துடுச்சு. அன்னிக்கு இல்லன்னு சொன்னதும் தப்பு. மன்னிச்சிடுங்க."

போனில், அவருக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்த மெஷின் நின்றது.

"என்னா மேடம் இப்ப வந்து சொல்றீங்க," என்றார். "நீங்க சொன்னத நம்பி, அது நம்ம வூட்டு கதையே இல்லன்னு எம்பொண்ணு தலைல கைய வச்சு அண்ணன்கிட்ட சத்தியம் பண்ணிட்டனே."