பதினாலு வருசம் காணுமோ?

மூன்று கிழமைக்கு முன் நான் ஒரு பிழை விட்டேன். கெட்ட எண்ணத்தில் செய்ததென்றால் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போயிருக்கலாம். நல்ல எண்ணத்தில் செய்தேன்… அதுதான் சிக்கல்.

டென்மார்க்கில் ஹொல்ஸ்டெப்ரோ நகரில் எங்கள் தமிழ் ஆராதனை மாதத்தில் இரண்டு ஞாயிறு நடக்கும். டெனிஷ் தேவாலயத்துக்குப் பக்கத்து மண்டபத்தில். முப்பது பேர் வந்தால் அது பெரிய கூட்டம். நான் அங்கே நாற்காலி அடுக்குபவன், பாட்டுத்தாள் அச்செடுப்பவன், ஓகூஸ் நகரத்திலிருந்து போதகர் வரமுடியாத நாட்களில் முன்னால் நின்று நாலு வார்த்தை பேசுபவன். மற்ற நாட்களில் பேருந்து ஓட்டுகிறேன் — பழைய வாசகர்களுக்குத் தெரிந்த கதை.

எஸ்தர் அக்கா என்று ஒருவர். உண்மைப் பெயர் அதுவல்ல. “எழுதிறதெண்டா எழுது, பேரை மாத்து” என்று சொல்லித்தான் இதை எழுத விட்டார்.

அறுபத்தாறு வயது. முதியோர் இல்லத்தில் இருபது வருடங்களுக்கு மேல் வேலை செய்து ஓய்வு பெற்றவர். எங்கள் மண்டபத்தில் அவர் கை படாத வேலை இல்லை. கதவுத் திறப்பு அவரிடம். மேசைக்குப் பூ அவர். தேநீரும் றோல்ஸும் அவர். எல்லோரும் போன பிறகு தரை கூட்டுவதும் அவர். யாருக்காவது காய்ச்சல் என்றால் மறுநாள் காலையில் சட்டியோடு வாசலில் நிற்பார். அவர் ஓரிடத்தில் இருந்து ஒரு பாட்டை முழுதாகப் பாடி நான் பார்த்ததில்லை. பாதிப் பாட்டில் எழுந்து தண்ணீர் கொதிக்க வைக்கப் போய்விடுவார்.

நாங்கள் என்ன சொன்னோம்? “அக்காவைப் போல ஒரு விசுவாசி உண்டோ?” என்றோம். சொல்லிவிட்டு அவர் ஊற்றிய தேநீரைக் குடித்தோம்.

குளிர்காலத் தொடக்கத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை போனது. வலது கால் பாதி போனது. கூடவே இன்னொன்றும் போனது — டெனிஷ் மொழி. முப்பது வருடம் பேசிய மொழி, ஒரேயடியாக. தமிழ் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. டெனிஷ் வரவேயில்லை. கொம்யூனிலிருந்து, அதாவது நகரசபையிலிருந்து, உதவிக்கு வருகிற பெண்கள் சொல்வது கொஞ்சம் விளங்கும். பதில் சொல்ல வாய் வராது. எத்தனையோ டெனிஷ் கிழவர்களைக் குளிப்பாட்டிய மனுஷி, இப்போது யாரோ குளிப்பாட்டும்போது ‘தண்ணீர் சுடுகிறது’ என்று சொல்லக்கூட முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்.

ஆஸ்பத்திரியால் வீடு வந்து நாலு மாதமாகியும் ஆராதனைக்கு வரவில்லை. காரில் கூட்டிப் போகிறேன் என்று கேட்டேன்.

“வந்து என்னத்தைச் செய்யிறது, தம்பி?”

“ஒண்டும் செய்யத் தேவையில்லை, அக்கா.”

“ஒண்டும் செய்யாம ஏன் வாறது?”

இதற்குச் சொல்ல வேண்டிய பதில் எனக்கு நன்றாகத் தெரியும். ஆராதனை என்பது நாங்கள் கடவுளுக்குச் செய்து கொடுக்கிற உதவி அல்ல. அவர் தருவதை வாங்கப் போவது. கிருபை உழைத்துப் பெறுகிற பொருள் அல்ல. எத்தனை ஞாயிறு இதை முன்னால் நின்று பேசியிருப்பேன்? ஆனால் அக்காவின் முகத்துக்கு நேரே வாயில் வந்தது வேறு.

“அப்ப பாட்டுத்தாளை மடிச்சுத் தாங்கோ. இருந்துகொண்டே செய்யலாம்.”

அவர் முகம் வெளித்தது. வந்தார்.

சக்கர நாற்காலியை மேசையோடு சேர்த்து விட்டேன். முப்பது தாள்கள். தாளின் ஒரு பக்கத்தை வலது முழங்கையால் அழுத்திப் பிடித்து, இடது கையால் மற்றப் பக்கத்தை இழுத்து மடித்தார். நெற்றி வியர்த்தது. அரை மணி நேரம். ஒரு தாளும் நேராக வரவில்லை. ஒரு மூலை ஏறியும் மறு மூலை இறங்கியும்…

நான் அவற்றை எடுத்துக்கொண்டு மண்டபத்தின் மறுபக்கம் போனேன். போய், ஒவ்வொன்றாக விரித்து, நேராக மடிக்கத் தொடங்கினேன்.

ஏன் செய்தேன்? யாரும் கேட்கவில்லை. கோணல் தாளில் பாட்டு வராதா? கை தன்பாட்டில் செய்தது. ஒன்பதாவதோ பத்தாவதோ தாளில் நிமிர்ந்து பார்த்தேன். அக்கா நாற்காலியைத் திருப்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு தலையைக் குனிந்தார். ஆராதனை முடியும்வரை குனிந்த தலை நிமிரவில்லை. வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோதுதான் வாய் திறந்தார்.

“இனி நான் வரமாட்டன், தம்பி.”

அடுத்த கிழமை முழுக்க ஓடி ஓடிச் செய்தேன். திங்கட்கிழமை கோழி சூப். புதன்கிழமை அவர் வீட்டு யன்னலில் கழன்று தொங்கிய திரைச்சீலைக் கம்பியைப் பூட்டினேன். வெள்ளிக்கிழமை என் மனைவி வனிதா சமைத்த மீன்குழம்பு. அந்தச் சட்டியை அக்கா கொஞ்ச நேரம் பார்த்தார்.

“நீ என்னைச் சமாதானப்படுத்த வாறியோ, உன்னையோ?”

நான் குசினிக்குள் போய் ஏற்கெனவே கழுவியிருந்த கோப்பையை இன்னொரு தடவை கழுவினேன்.

இந்த நாட்டில் புதிதாக ஒருவரைச் சந்தித்தால் பெயருக்கு அடுத்த கேள்வி — என்ன வேலை செய்கிறீர்கள்? அகதியாக வந்த எங்களுக்கு அதுவே முதல் கேள்வியாகக் கேட்டது. செய்து காட்டினோம். மீன் வெட்டினோம், தரை துடைத்தோம், முதியவர்களைத் தூக்கிக் கிடத்தினோம். நல்ல சனங்கள் என்று பெயர் எடுத்தோம். இருக்க இடம் தந்த நாட்டுக்கு அது சரிதான். ஆனால் அதே பழக்கத்தைத் தேவாலயத்துக்குள்ளும் கொண்டுபோய்விட்டோமோ? கடவுளும் வாசலில் நின்று ‘உனக்கு என்ன வேலை தெரியும்?’ என்று கேட்பார் என்று நினைத்துவிட்டோமோ?

அந்த டெனிஷ் தேவாலயத்தின் பாதிரியார் கியர்ஸ்டன். ஐம்பது வயதுப் பெண், அதிகம் பேசமாட்டார். அக்கா வருவதில்லை என்று கேள்விப்பட்டு, திருவிருந்தை வீட்டுக்கே கொண்டுபோகலாமா என்று கேட்டார். ஒரு சின்னப் பெட்டியில் அப்பமும் திராட்சை ரசமும். அக்காவுக்கு டெனிஷ் இல்லை, கியர்ஸ்டனுக்குத் தமிழ் இல்லை. நடுவில் நான்.

அடுத்த வியாழன் பின்னேரம் மூன்று பேரும் அக்காவின் வரவேற்பறையில் இருந்தோம். பெட்டியைக் கண்டதும் அக்கா இடது கையை ஆட்டினார்.

“வேண்டாமெண்டு சொல்லு. இந்த வருசம் நான் ஒண்டும் செய்யேல்ல.”

சொன்னேன். இதற்கு முன் என்ன செய்தார் என்று கியர்ஸ்டன் கேட்டார். பூ, தேநீர், திறப்பு என்று நானே அடுக்கத் தொடங்கினேன். அக்கா என் முழங்கையில் தட்டினார்.

“அதை விடு. நான் சொல்லுறதை மட்டும் சொல்லு.”

பிறகு சொன்னார். ஒரு வசனம் சொல்வார், நிறுத்துவார், நான் டெனிஷில் சொல்லி முடிக்கும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அவருக்குப் பிள்ளைகள் இல்லை. கணவர் ஓல்போர்க் நகரில் தனியாக இருந்து மாரடைப்பில் இறந்தார் — எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அந்த மனிதர் குடிப்பவர். அடிப்பவர். அதனால்தான் அக்கா அவரை விட்டு ஹொல்ஸ்டெப்ரோவுக்கு வந்தார். கணவர் ஒவ்வொரு ஞாயிறும் அக்காவுக்குப் போன் எடுப்பார். முதலில் அக்கா பேசினார். பிறகு அவர் குரலின் தள்ளாட்டம் தாங்காமல் பேசுவதைக் குறைத்தார்.

“அண்டைக்குக் காலமை போன் மூண்டு தரம் அடிச்சது. நான் சீலை உடுத்திக்கொண்டு நிண்டனான். ஆராதனைக்கு நேரமாச்சு. போனை நிப்பாட்டிப்போட்டுப் போயிட்டன்.”

நிறுத்தினார். நான் டெனிஷில் சொன்னேன்.

“புதன்கிழமைதான் பக்கத்து வீட்டுக்காரர் கண்டவையாம். ஞாயிறே முடிஞ்சுபோச்சு எண்டு டொக்டர் சொன்னவர்.”

என்னால் பொறுக்க முடியவில்லை. அவர் அடித்ததையும் நீங்கள் கணக்கில் எடுக்க வேண்டும் என்று கியர்ஸ்டனிடம் நானாகவே ஒரு வசனம் சேர்த்தேன். மொழி போனாலும் அக்காவுக்கு அது பிடிபட்டுவிட்டது.

“நீ கூட்டிச் சொல்லாத.”

அதற்குப் பிறகுதான் திறப்பும் பூவும் தன் கைக்கு வந்தன என்றார். யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். அதற்கு முன் அவர் பின் வரிசையில் இருந்து கும்பிட்டுவிட்டுப் போகிறவர். பதினாலு வருடமாக நாங்கள் விசுவாசம் என்று மெச்சியது, ஒரு மனுஷி தன்னைத் தானே அடித்துக்கொண்ட அடி. அதற்குத்தான் நாங்கள் கை தட்டினோம்.

“பதினாலு வருசம்,” என்றார் அக்கா. “காணுமோ எண்டு கேள்.”

போதுமா என்று கேட்டேன். இங்கத்தைய பாதிரிமார் மென்மையானவர்கள். கியர்ஸ்டனும் தாராளமாகப் போதும் என்றுதான் சொல்வார் என்று நான் தமிழ் வசனத்தைக்கூடத் தயாராக வைத்திருந்தேன்.

“இல்லை,” என்றார். “போதாது.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சக்கர நாற்காலியில் இருக்கிற ஒருவரிடம் இப்படியா சொல்வது? இதை எப்படி மாற்றிச் சொல்லலாம் என்று பார்த்தேன்.

“என்ன சொல்லுறா?”

“கொஞ்சம் பொறுங்கோ…”

“உன்ர முகத்தில தெரியுது. சொல்லு.”

“காணாதாம், அக்கா.”

அவரிடமிருந்து ஒரு மூச்சு நீளமாக வெளியே போனது. அப்படியொரு மூச்சை நான் சாகிற ஆட்களிடம்தான் கேட்டிருக்கிறேன். பயந்துபோனேன். கியர்ஸ்டன் தன் கதிரையை முன்னால் இழுத்து, அக்காவுக்கு நேரே இருந்துகொண்டு பேசினார். நான் ஒவ்வொரு வசனமாகத் தமிழில் சொன்னேன்.

“போனை எடுக்காதது குற்றமோ இல்லையோ எண்டு தனக்குத் தெரியாதாம். நீங்கள் அதைக் குற்றமாச் சுமக்கிறியள். அதை வேலை செய்து இறக்கேலாதாம். பதினாலு இல்லை, நாப்பது வருசம் பூ வைச்சாலும் காணாதாம். அவரைத் திருப்பித் தரத் தன்னாலயும் ஏலாது. நீங்கள் செய்ததுக்காகத் தான் இதைக் கொண்டு வரேல்லையாம். செய்து முடிக்கேலாது எண்டபடியாத்தான் இது இருக்குதாம்.”

கடைசி வசனத்தைச் சொல்லும்போது என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. பிரசங்கத்தில் நான் சொல்லாத விஷயமா? ஆனால் நானாக ஒரு சொல்லும் கூட்டாமல் சொன்னது அன்றைக்குத்தான்.

அக்கா அந்தப் பெட்டியைப் பார்த்தார்.

“எனக்கும் தெரியும்,” என்றார் பிறகு. “ஒவ்வொரு ஞாயிறும் தெரியும், காணாதெண்டு. ஒருத்தரும் சொல்லேல்ல. அக்கா நல்லவ, அக்கா நல்லவ எண்டு…”

அழுதார். பக்கவாதம் வந்த முகத்தில் அழுகை ஒரு பக்கம்தான் வரும். மறுபக்கம் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். அதைப் பார்ப்பது கஷ்டம்.

கியர்ஸ்டன் அப்பத்தை நீட்டினார். வலது கை மூடியபடியே மடியில் கிடந்தது. இடது கை பாதி எழும்பி, திரும்பவும் விழுந்தது. கடைசியில் அக்கா வாயைத் திறந்தார். அவ்வளவுதான் செய்தார். ரசம் கடைவாயால் வழிந்தது. கியர்ஸ்டன் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டார்.

வாசகர்கள் இப்போது ஒரு வெளிச்சத்தை எதிர்பார்ப்பீர்கள். எனக்கும் ஆசைதான். பாதிரியார் போன பிறகு, மனம் லேசாகிவிட்டதா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அக்காவே பேசினார்.

“அந்தாள் தனியச் செத்தது செத்ததுதான், தம்பி.”

“ஓம், அக்கா.”

வேறென்ன சொல்ல? கிருபை என்றால் நடந்தது நடக்காமல் போவது என்று நானும் ஒரு காலம் நினைத்திருந்தேன். அப்படியில்லை போலிருக்கிறது. நடந்தது அப்படியே இருக்கிறது. அதன் பக்கத்தில் ஒருவர் வந்து இருக்கிறார்.

அடுத்த ஞாயிறு அக்கா தானாகவே போன் எடுத்து, கூட்டிப் போகச் சொன்னார். மூன்றாம் வரிசை ஓரத்தில் நாற்காலியை நிறுத்தினேன். ஒரு வேலையும் கொடுக்கவில்லை. பாட்டில் பாதிச் சொல் அவருக்கு வரவில்லை. வந்த சொற்களைப் பிந்திப் பிந்திப் பாடினார். பிரசங்கத்தில் நித்திரையாகிவிட்டார். முடிந்ததும் வனிதா தேநீர் கொண்டுவந்து கொடுத்தாள். இன்னொருவர் ஊற்றிய தேநீரை எஸ்தர் அக்கா அந்த மண்டபத்தில் குடித்தது அதுதான் முதல் தடவை. கஷ்டப்பட்டுத்தான் குடித்தார்.

திரும்பும்போது மழை. செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு, வரும்போது என்ன கொண்டுவரட்டும் என்று கேட்டேன்.

“ஒண்டும் வேண்டாம். சும்மா வாறதெண்டா வா.”

சும்மாதான் போனேன். வழியில் இரண்டு கடைகள் இருந்தன… இரண்டுக்கு முன்னாலும் காரை மெதுவாக்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.