இரண்டு பக்கமும் ஒன்று புள்ளி ஆறு

"ரெண்டு பந்து நூல்ல தொங்குது. ஒண்ணுல ரெண்டு மைக்ரோகூலூம் மின்னூட்டம், இன்னொண்ணுல எட்டு. ஒண்ணையொண்ணு தள்ளுது. எது மேல விசை கூட?"

பத்மப்ரியா வேலைக்குச் சேர்ந்த அன்று, இயற்பியல் எடுக்கும் ஞானசௌந்தரி மிஸ் அவளிடம் முதலில் கேட்டது இதைத்தான். பாளையங்கோட்டையில் உள்ள அந்த நீட் பயிற்சி மையத்துக்கு ஆங்கில வினாத்தாள்களைத் தமிழாக்க வந்தவள் பத்மப்ரியா. இயற்பியலைப் பத்தாம் வகுப்போடு விட்டவள். சற்று யோசித்து, சின்னதன் மேல்தான் என்றாள். ஏன் என்று கேட்டார். பெரியது பலமாகத் தள்ளுமே என்றாள். மிஸ் உள்ளங்கையால் மேசையை ஓங்கி அடித்தார். டீ தம்ளர் குதித்துச் சாய்ந்தது. சிவந்த கையை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"நான் மேசையை அடிச்சேன். மேசை என்னைய எவ்வளவு அடிச்சிருக்குன்னு பாரு. சின்னவளுக்குத்தான் அடி கூட விழும்னு எவன் உங்களுக்கெல்லாம் சொல்லிக்குடுத்தான்?"

ஆண்டுதோறும், வகுப்புதோறும் அந்த மேசை அடி வாங்குகிறது. எண்களை வாய்ப்பாட்டுக்குள் தூக்கிப் போடப் பிள்ளைகள் துடிப்பார்கள். மிஸ் விடமாட்டார். "மொதல்ல அம்பு போடு. எது எதத் தள்ளுது, எந்தப் பக்கம் தள்ளுது? பொறவு நம்பரத் தொடு." இரண்டு அம்பும் ஒரே நீளத்தில் இல்லையென்றால் நோட்டு ஜன்னல் பக்கம் பறக்கும். தூரத்தை வர்க்கப்படுத்த மறந்தவன், சென்டிமீட்டரை மீட்டராக்காதவன், எல்லாரும் அவருக்கு மூதிகள். பந்துகளுக்கு இடையே முப்பது சென்டிமீட்டர் என்றால் விசை ஒன்று புள்ளி ஆறு நியூட்டன். இந்தப் பந்துக்கும் அதே, அந்தப் பந்துக்கும் அதே. சரியாகப் போட்டவளுக்கும் ஏச்சு உண்டு. "இவ்வளவு நாளா இத எங்கட்டி ஒளிச்சு வச்சிருந்த?"

மிஸ் கடற்கரை ஊரில் பிறந்தவர். சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துணுக்குகளை இழுக்கும் பாடம் அவர் பள்ளியிலும் இருந்தது. எண்ணெய்த் தலைக்கும் ஈரக் காற்றுக்கும் நடுவே சீப்பு ஒருநாளும் ஒரு துணுக்கையும் இழுக்கவில்லை. பரீட்சையில் 'இழுக்காது' என்று எழுதிச் சுழி வாங்கினார். பல வருடங்கள் கழித்து, கல்லூரி விடுதியில், பாளையங்கோட்டையின் கோடை வெயிலில் காகிதம் துள்ளி வந்து சீப்பில் ஒட்டிக்கொண்டது. அவருக்குச் சந்தோஷம் வரவில்லை. ஈரக் காற்றில் மின்னூட்டம் நிற்காது என்று ஒருத்தரும் தன்னிடம் சொல்லவில்லையே என்று அந்தப் பழைய டீச்சரை இன்றைக்கும் ஏசுகிறார்.

ஆங்கிலத்திலும் பாடம் எடுப்பார். ஆனால் கோபம் வந்தால் தமிழ்தான். "இங்கிலீஷ்ல ஏசுனா எனக்கே உறைக்க மாட்டேங்கு" என்பார்.

சென்ற ஆண்டு, மையத்தின் இலவச இடத்துக்கான தேர்வில் இதே இரண்டு பந்துகள் வந்தன. சிறியதன் மீது விசை நான்கு மடங்கு என்றது விடைக்குறிப்பு. மின்புலம்தான் அங்கே நான்கு மடங்கு; கேள்வியை அமைத்தவர் புலத்தையும் விசையையும் குழப்பியிருந்தார். மிஸ் தன் வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுத்த ரெனிஷா 'இரண்டும் சமம்' என்று எழுதி அந்த மதிப்பெண்ணை இழந்தாள். கடைசி இலவச இடமும் அதோடு போயிற்று. அவள் அப்பா வில்சன் அடுத்தவர் படகில் கூலிக்குக் கடலுக்குப் போகிறவர். பணம் கட்டிப் படிக்க வழியில்லை.

மேலாளர் பெருமாள்ராஜ் சமாதானம் சொன்னார். ஒரு கேள்விதானே, முடிவை வெளியிட்டு ஃப்ளெக்ஸும் அடித்தாயிற்று என்றார்.

"அடிச்சதக் கிழிக்க எவ்வளவு நேரம் ஆவும் அண்ணாச்சி?" என்றார் மிஸ்.

அந்த வாரமே தலைமை அலுவலகத்திலிருந்து பாடத் தலைவர் வந்தார். தமிழ் தெரியாதவர். மொழிபெயர்க்கப் பத்மப்ரியாவைக் கையோடு அழைத்துக்கொண்டு மிஸ் அவர் அறைக்குள் போனார். ரெனிஷா வராந்தாவில் நின்றாள். விடை தப்பு, பிள்ளை எழுதியதுதான் சரி, இடத்தை அவளுக்குக் கொடுக்க வேண்டும் என்று மிஸ் மூன்றையும் தமிழில் மூச்சுவிடாமல் சொன்னார். சத்தம் கூடினால் குரல் இறங்கிவிடுகிறவள் பத்மப்ரியா. வசதிப்படும்போது விடையை மறுபடி ஒருமுறை பார்க்க இயலுமா என்று மிஸ் கேட்பதாக ஆங்கிலத்தில் சொன்னாள். வந்தவர் சிரித்தார். பரிசீலிக்கலாம் என்று சொல்லிவிட்டு மடிக்கணினியில் தட்டச்சு செய்யத் தொடங்கினார்.

மிஸ்ஸுக்கு அந்த ஆங்கிலம் நன்றாகவே புரிந்திருந்தது. எட்டி, ஒற்றை விரலால் அந்த மடிக்கணினியின் மூடியைப் பைய மூடினார். வந்தவரை அவர் பார்க்கவே இல்லை.

"பிரியா, வெளிய அந்தப் பிள்ளை நிக்கா. எனக்காக ஒண்ணு செய்யி. நான் தப்புன்னு சொன்னா, நீயும் தப்புன்னே சொல்லு."