மூன்றாவது சுனையில் விழுந்த சாவிக்கொத்து

எங்கள் மலை ஒரு காலத்தில் நெருப்பாக இருந்தது என்று வீட்டில் சாமி கதையாகச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்து வாத்தியாரும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார். பூமிக்குள்ளிருந்து பொங்கி வந்த குழம்பு ஆறி இறுகிய பாறை இது என்றார். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சொன்னதால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. முழுவதும் ஆறிவிட்டதா என்று மட்டும் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஆனால் கேட்கவில்லை. 'உள்ளேன் ஐயா' சொல்வதற்கே எனக்குக் குரல் வராது.

அடி அண்ணாமலையில் எங்கள் நிலம் முடிகிற இடத்தில் மலை தொடங்கும். மழைக்காலத்தில் ஓர் ஓடை பாறையை அறுத்துக்கொண்டு இறங்கும். அந்த இடுக்கில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக மூன்று சுனைகள். முதலாவதில் மாடுகள் தண்ணீர் குடிக்கும். இரண்டாவதில் பையன்கள் குதிப்பார்கள். மூன்றாவதற்கு யாரும் போவதில்லை. அதற்கு அடியே கிடையாது, நேராக மலைக்குள் இருக்கிற நெருப்புக்குப் போகிறது என்பான் பெரியப்பா மகன். எட்டாம் வகுப்பு படித்தான். எனக்கு அண்ணன் முறை. நான் ஐந்தாவது.

எங்களை அங்கே கூட்டிப் போவதாகச் சித்தப்பா மாதக் கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. துணிக்கடை, அரிசி மில் என்று இரண்டு வேலை போய், மூன்றாவதாக டவுனில் ஒரு லாட்ஜில் சேர்ந்திருந்தார். "இதுலயாவது ஒரு வருஷம் இருடா" என்று பெரியப்பா தினமும் சாப்பாட்டோடு பரிமாறுவார்.

அரைப்பரீட்சை விடுமுறையில் ஒரு பௌர்ணமி வந்தது. சித்தப்பா காலையிலேயே எல்லா அறைகளையும் கூட்டித் துடைத்துவிட்டு, மத்தியானம் சாப்பிட சைக்கிளில் வீட்டுக்கு வந்தார். கிரிவலக் கூட்டம் நாலு மணிக்கு வந்துவிடும், அதற்குள் வந்து அறைகளைத் திறந்துவிடு என்று மானேஜர் சாவிக்கொத்தை அவரிடமே கொடுத்திருந்தார். இரும்பு வளையத்தில் பன்னிரண்டு சாவிகள். ஒவ்வொன்றிலும் நம்பர் போட்ட பித்தளை வில்லை. மாற்றுச் சாவி முதலாளியிடம், முதலாளி வெளியூரில். சித்தப்பா அதைப் பெருமையாகச் சொன்னார். "பன்னெண்டு ரூமும் என் மடியில கீது."

அந்த சந்தோஷத்தில்தான், "வாங்க, மூணாவது சுனையப் பார்த்துட்டு வந்துடலாம்" என்றார்.

செருப்பை அடிவாரத்தில் விட்டுவிட்டு ஏறினோம். இரண்டாவது சுனையைத் தாண்டியதும் பாறை இரண்டு பக்கமும் சுவராக எழுந்துவிட்டது. வானம் ஒரு ரிப்பன் அளவுக்குத்தான் தெரிந்தது. ஓர் இடத்தில் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நுழைய வேண்டியிருந்தது. என் கன்னம் பாறையில் உரசியது. பாறை சூடாக இருந்தது. வெயில் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு அப்படி நினைக்கவில்லை.

இடுக்கைத் தாண்டினால் மூன்றாவது சுனை. ஒரு சின்ன அறை அளவுக்குக் கறுப்புத் தண்ணீர், சலனமே இல்லாமல். எதிர்ப் பாறையில் இரண்டு குரங்குகள் உட்கார்ந்து எங்களைப் பார்த்தன.

"சாவியக் கீழ வெக்காதீங்க சித்தப்பா. தூக்கிட்டுப் போய்டும்" என்றான் அண்ணன்.

"எனக்குத் தெரியாதா?" என்று சித்தப்பா அதை வேட்டி மடிப்பில் இன்னும் நன்றாகச் சொருகிக்கொண்டார்.

எங்கள் ஊரில் யாரும் மலைச் சுனையில் சும்மா இறங்க மாட்டார்கள். முதலில் தொட்டுக் கும்பிட்டு, ஒரு கை தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொள்ள வேண்டும். சித்தப்பா விளிம்பில் உட்கார்ந்து, பக்தியோடு குனிந்து, இரண்டு கைகளாலும் தண்ணீரை அள்ளினார். மடிப்பு தளர்ந்தது. தளக் என்று ஒரு சத்தம்.

குரங்கிடமிருந்து காப்பாற்றியதைச் சாமி வாங்கிக்கொண்டது.

சித்தப்பா மடியைத் தடவிப் பார்த்தார். பிறகு, "மானேஜர் கிட்ட இன்னான்னு சொல்லுவேன்? சாமி கும்புட்டேன், பன்னெண்டு ரூமும் தண்ணில வுழுந்துடுச்சின்னா?" என்றார். சிரிக்கலாமா என்று அண்ணனைப் பார்த்தேன். அவன் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான். ஊரில் அவன்தான் பெரிய நீச்சல்காரன்.

இரண்டு தடவை முங்கினான். இரண்டு தடவையும் சீக்கிரமே வந்துவிட்டான்.

"அடியில சுடுது சித்தப்பா."

"எவ்ளோ?"

"வெந்நீர் மாரி. இந்நேரம் சாவி உருகியிருக்கும்."

சித்தப்பா மலை உச்சியைப் பார்த்தார். பெரியப்பாவின் முகம் அங்கே தெரிந்ததோ என்னவோ.

"நான் போறேன்" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். ஒரு குரங்கு மட்டும் திரும்பிப் பார்த்தது. மூன்றாம் முறைதான் சித்தப்பா கவனித்தார்.

"எங்க பாப்பா, வூட்டுக்கா?"

"உள்ள."

அண்ணன் சிரித்தான். "ஏய் ஊமைக்கோட்டான், உனக்கு எவன் நீச்சல் கத்துக் குடுத்தான்?"

யாரும் கற்றுக் கொடுக்கவில்லை. அம்மா மல்லாட்டைக் கொல்லையில் கடலைச் செடிக்குக் களை பிடுங்குகிற நேரமாகப் பார்த்து, முதுகில் காலி டின்னைக் கட்டிக்கொண்டு எங்கள் கிணற்றில் நானேதான் இறங்கினேன், அப்புறம் டின் இல்லாமலும், அப்புறம் அடி மண்ணை எடுத்து வருகிற அளவுக்கும் பழகிவிட்டேன், அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அதுவரை என் வாழ்க்கையில் நான் பேசிய பேச்சில் அதுதான் நீளமானது.

சித்தப்பா வெகுநேரம் தண்ணீரையே பார்த்தார். "மூச்சு கம்மியானா ஒடனே மேல வந்துடணும். சாவி போனா போது" என்றார்.

முதல் தடவை பாதியிலேயே காது வலித்தது. பச்சை வெளிச்சம் போய்க் கறுப்பு வந்ததும் நெருப்பு ஞாபகம் வந்து திரும்பிவிட்டேன். ஆனால் மேலே வரும்போதுதான் உறைத்தது. கீழே போகப் போகத் தண்ணீர் சில்லென்று ஆகிறதே தவிர, சுடவில்லை. அண்ணன் பயந்துவிட்டு எங்களிடம் கதை விட்டிருக்கிறான். அந்தக் கோபம் எனக்கு மிகவும் உதவியாக இருந்தது.

கிணற்றில் செய்வது போல ஒரு கல்லை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இரண்டாம் தடவை குதித்தேன். கல் என்னை இழுத்துக்கொண்டு போனது. கால் மணலில் பட்டது. அடி இருந்தது. மார்கழித் தண்ணீராக ஜில்லென்று இருந்தது. மலை ஆறிவிட்டது. எனக்குத் தெரிந்து, அதை நேரில் போய்ப் பார்த்து வந்தவள் நான் ஒருத்திதான்.

கல்லை விட்டுவிட்டுத் துழாவினேன். மக்கிய இலை, ஒரு தேங்காய் ஓடு, பிறகு வழவழப்பாக ஒரு பித்தளை வில்லை. கொத்தாக அள்ளிக்கொண்டு பாறையை உதைத்து மேலே வந்தேன்.

தலை வெளியே வந்ததும் கத்தினேன். எனக்கு அவ்வளவு பெரிய குரல் இருப்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. அது பாறையில் மோதித் திரும்பி வந்தது. குரங்குகள் ஓடிவிட்டன.

சித்தப்பா தண்ணீருக்குள் நின்றுகொண்டிருந்தார். விளிம்புப் பாறையிலிருந்து இறங்கி, ஒரு கையால் மர வேரைப் பிடித்துக்கொண்டு, கழுத்து வரைக்கும். வேட்டி குடை மாதிரி விரிந்து மிதந்தது. நான் நீட்டிய சாவியை அவர் வாங்கவில்லை, என் மணிக்கட்டைத்தான் பிடித்தார். பற்கள் தந்தியடித்தன.

எனக்கு எரிச்சலாக வந்தது. "இன்னா சித்தப்பா, இருக்கிற ஒரு வேட்டியையும் நனைச்சிட்டீங்களே. லாட்ஜுக்கு எப்பிடிப் போவீங்க? இப்பத்தான் குளிக்கணுமா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார்.

இறங்கும்போது இடுக்கில் அண்ணன் ஒதுங்கி நின்று என்னை முன்னால் விட்டான். "எனக்குச் சுட்டுச்சி" என்று மட்டும் சொன்னான்.

பெரியப்பாவின் வேட்டியைக் கட்டிக்கொண்டு, என்னை சைக்கிள் முன்கம்பியில் உட்கார வைத்து, கிரிவலக் கூட்டத்துக்குள் மணியடித்துக்கொண்டே சித்தப்பா ஓட்டினார். நாலு மணிக்கு லாட்ஜ் வாசலில் மூட்டை முடிச்சோடு ஆட்கள் நின்றிருந்தார்கள்.

மானேஜர் கொத்தைத் தொட்டுப் பார்த்தார். "சாவி இன்னாய்யா ஈரமா கீது?"

"கழுவனேன் சார்."

"இது யாரு?"

"அண்ணன் பொண்ணு சார். தெறக்கட்டும்."

ஒன்றாம் நம்பரிலிருந்து பன்னிரண்டு வரை நான்தான் திறந்தேன். ஒவ்வொரு பூட்டிலிருந்தும் ஒரு சொட்டுத் தண்ணீர் வழிந்தது. அந்த லாட்ஜில்தான் சித்தப்பா வயசாகி ஓய்கிற வரைக்கும் வேலை பார்த்தார்.

இந்தக் கதையை என் பிள்ளைகளுக்குப் பல தடவை சொல்லியிருக்கிறேன். மிதந்த வேட்டி வரும்போது அவர்கள் தவறாமல் சிரிப்பார்கள்.

போன வருஷம் எல்லோருமாக சாத்தனூர் அணைக்குப் போயிருந்தோம். சித்தப்பாவின் பேரப்பிள்ளைகள் அவர் கையைப் பிடித்துத் தண்ணீருக்கு இழுத்தார்கள். சித்திதான் தடுத்தார். "அவர வுட்டுடுங்க. சின்ன வயசுல ஏரில முழுகிட்டாராம், சாகக் கெடந்து எடுத்தாங்களாம். அதிலேர்ந்து முட்டிக்கு மேல தண்ணின்னா எறங்கவே மாட்டாரு. நீச்சலும் தெரியாது."

சித்தப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. கீழே குனிந்து, நனையாத வேட்டியை இன்னும் கொஞ்சம் உயர்த்திக் கட்டிக்கொண்டார்.