ரோடு இல்லாத இடம்

ரெட்டியார்பாளையத்தில் நான் வேலை பார்க்கும் பைக் ஷோரூமுக்கு அறுபதைத் தாண்டிய ஒருவர் வந்தார். குள்ளமான, மெலிந்த உடம்பு. பேசும்போதெல்லாம் வலது முழங்காலைத் தடவிக்கொண்டே இருந்தார். பைக் ஓட்டியதே இல்லையாம். ஆனால் காட்டுப்பாதையில் ஓட்டும் வண்டிதான் வேண்டும் என்றார்.

“உங்களுக்கு ஸ்கூட்டர் சரியா இருக்கும் சார்.”

“அதுல ரோட்டுலதான் போவ முடியும் தம்பி. மில்லு, வூடுன்னு ஒரே ரோட்டுலயே காலம் போயிடுச்சி. ரோடே இல்லாத எடத்துக்கு ஒரு தடவ போவணும்.”

இருந்ததிலேயே உயரம் குறைந்த வண்டியில் ஏற்றி உட்காரவைத்தேன். காலை ஊன்றப் பார்த்தார். முட்டி தாங்கவில்லை. சாய்ந்த வண்டியை நான் பிடித்துக்கொண்டேன்.

“இதவிட உயரம் கம்மியா வருமா?”

“வராது சார்.”

மெதுவாக இறங்கி, சீட்டைக் கையால் துடைத்துவிட்டு, விழுப்புரம் சாலையோரமாக நடந்து போனார். அவருக்கு வேறென்ன சொல்லியிருக்கலாம் என்று இன்றும் யோசிக்கிறேன்.