இடப்பக்கம் சாய்ந்த தையல்

அமெரிக்காவில், டெட்ராய்ட்டை ஒட்டிய ஹாம்ட்ராம்க்கில் யாத்விகாவைத் தெரியாதவர்கள் குறைவு. வாய் அப்படி. பதினெட்டு வயதில் கார் கம்பெனிக்கு சீட்டுத் தைக்கப் போனாள். மெஷினில் தைத்த தோலுறையைப் பஞ்சின்மேல் இழுத்து மாட்டி, கடைசி ஓரத்தை வளைந்த ஊசியால் கையிலேயே மூடவேண்டும். அவள் இடக்கைக்காரி. மற்றவர்கள் தையல் வலப்பக்கம் சாயும்; அவளுடையது இடப்பக்கம்.

மேஸ்திரி கத்தினான். "வலது கையால தை. இல்லேன்னா வீட்டுக்குப் போ."

"தையல் பிரிஞ்சா சொல்லு, போறேன்."

பிரியவில்லை. பத்தொன்பது வருஷம் கழித்துக் கம்பெனியே கதவைச் சாத்தியது. அதற்குள் நாலு மேஸ்திரிகள் மாறிவிட்டார்கள். அவள் கை மாறவில்லை.

எண்பத்தாறாம் வருஷக் கோடையில் ஆற்றங்கரைப் பூங்காவில் பழைய கார்களுக்குப் போட்டி வைத்தார்கள். அவள் தெருவிலிருந்த பஸ் மெக்கானிக் லெஷெக், அந்தக் கம்பெனியின் நாற்பத்தெட்டாம் வருஷக் கரும்பச்சைக் காரை ஒன்பது வருஷம் பாடுபட்டு ஓடவைத்திருந்தான். "உங்க காலத்து வண்டி, வாங்கம்மா" என்று அவளையும் அழைத்துப் போனான். அவள் ரொட்டிக்குள் வைத்த கீல்பாசா சாசேஜைக் கடித்துக்கொண்டே பின்சீட்டு ஓரத்தைக் குனிந்து பார்த்தாள். இடப்பக்கச் சாய்வு. மெல்லுவதை ஒரு நொடி நிறுத்தினாள், அவ்வளவுதான்.

நடுவர் வில்லார்ட் வந்தார். கையில் மூலை கிழிந்த தோல்பை. டார்ச் அடித்துப் பார்த்தார்.

"பின்சீட்டை அப்புறம் யாரோ பிரிச்சுத் தெச்சிருக்காங்க. கம்பெனித் தையல் வலப்பக்கம் சாயும், புத்தகத்துல படமே இருக்கு. ரெண்டு மார்க் போச்சு. பிரிச்சு ஒழுங்கா தெச்சு அடுத்த வருஷம் கொண்டாங்க, கோப்பை உங்களுக்குத்தான்."

லெஷெக்கின் விரல் தானாகவே அந்த ஓரத்துக்குப் போனது.

"கையை எடுடா!" என்றாள் யாத்விகா. பிறகு நடுவர் பக்கம் திரும்பினாள். "தம்பி, அதைத் தெச்சது நான்."

வில்லார்ட் சிரித்தார். "எல்லாப் போட்டியிலயும் யாராவது ஒருத்தர் இப்படிச் சொல்றாங்கம்மா."

"உன் பையைக் குடு."

"எதுக்கு?"

"குடுய்யா, தின்னுட மாட்டேன்."

அவள் கைப்பையிலிருந்து வளைந்த ஊசியும் மெழுகு நூலும் வெளியே வந்தன. அறுபத்தேழு வயதிலும் இடது கை தயங்கவில்லை. கிழிந்த மூலையை மூடி, பையைப் பின்சீட்டு ஓரத்தோடு சேர்த்துப் பிடித்தாள். அதே இடைவெளி, அதே சாய்வு. சுற்றி நின்றவர்களில் ஒருவர் விசிலடித்தார்.

வில்லார்டுக்குக் காது சிவந்தது. "இருக்கலாம்மா. ஆனா புத்தகத்துல இப்படி இல்லையே. நான் என்ன பண்ண?"

"புத்தகம் எழுதினவன் ஒரு சீட்டாவது தெச்சிருப்பானா? இந்த வண்டி ரோட்டுக்கு வந்த அன்னிக்கே இந்தத் தையல் இதுல இருந்துச்சு. போலின்னு எழுதணும்னா எழுதிக்கோ." பையை அவர் கையில் வைத்தாள். " உன் பையையும் போலின்னு எழுதிக்கோ."

அவர் மார்க்கைத் திருத்தவில்லை. லெஷெக் அவர் கையிலிருந்த மார்க் காகிதத்தையும் யாத்விகாவையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு கண்ணாடியில் ஒட்டியிருந்த போட்டி எண்ணைக் கிழித்து நடுவர் கையில் திணித்தான்.

"பிரிக்க மாட்டேன் சார். அடுத்த வருஷமும் இதே சீட்டோடதான் வருவேன். ரெண்டு மார்க்கை இப்பவே கழிச்சு வெச்சிடுங்க."

கார் கதவைத் திறந்தான். "முன்னாடி உக்காருங்கம்மா."

ஆயிரக்கணக்கான கார்களுக்கு சீட்டு மூடியவள் அவற்றில் ஒன்றில்கூட ஏறியதில்லை.

"முன்சீட்டு எவ தெச்சதோ!" என்று பின்கதவைத் திறந்து ஏறினாள். "மெதுவா ஓட்டு. அந்தாளு பையில நான் போட்ட தையலைத் தடவிப் பார்க்கறானான்னு நான் பார்க்கணும்."