விசிறிக் கிணற்றில் ஊற்றிய ரம்

ஏபெல் ட்ரஸ்காட்டை இந்தப் பிப்ரவரியில் டார்பாயின்ட் கல்லறையில் அடக்கம் செய்தோம். அவருடைய தம்பி சைலஸ் வந்திருந்தார். கடைசி வரிசையில் நின்று, இடது கையால் தொப்பியைக் கழற்றினார். வலது கை அவருக்கு இல்லை.

ஏபெலைப் பற்றி டெவன்போர்ட் மதுக்கடைகளில் ஒரு பேச்சு உண்டு. ரம்மை வெறுத்த ஒரே கடற்படைக்காரர் என்பார்கள். அது தவறு. 'ஊஸல்' கப்பலில் நான் சரக்கறை எழுத்தராக இருந்தேன். தினமும் நண்பகலில் ரம் அளந்து கொடுக்கும்போது பீப்பாய்க்குப் பக்கத்தில் நிற்பது என் வேலை. நடந்தது எனக்குத் தெரியும்.

ஊஸல் 1867-இல் கடலில் இறங்கியது. மூன்று பாய்மரங்கள், வயிற்றில் ஒரு நீராவி எந்திரம். காற்று இருந்தால் பாய், இல்லாவிட்டால் கரி. பாயில் ஓடும்போது, எந்திரம் சுழற்றிக் கப்பலைத் தள்ளும் பின்புறத்து வெண்கல விசிறி தண்ணீரில் இழுபட்டு வேகத்தைக் கெடுக்கும். அதனால் கப்பலின் பின்தளத்தில் கிணறு போல ஒரு துளை வைத்து, அதன் வழியே விசிறியைக் கயிறு கட்டி மேலே தூக்கிவிடுவோம். புகைபோக்கியையும் உள்ளே இறக்கிவிடுவோம். கரி எரித்த கேப்டனிடம் கணக்குக் கேட்பார்கள் என்பதால் எங்கள் கேப்டன் கூடியவரை பாயிலேயே ஓடினார்.

ஆக, ஒரே கப்பலில் இரண்டு சாதி. மேலே பாய்க்காரர்கள், கீழே கரிக்காரர்கள். ஏபெல் நடுப்பாய்மரத்தின் தலைவர். எட்டு வயது இளைய சைலஸ், அண்ணனுடைய பேச்சைக் கேட்காமல் கொதிகலன் அறையில் சேர்ந்தவர். ஏபெலுக்கு அது கொஞ்சம் மானக்கேடு. "இவன் குளிச்சா துறைமுகமே கறுத்துடும்" என்று எல்லார் முன்னாலும் சொல்வார். சைலஸ் விடமாட்டார். "காத்து நின்னுட்டா அண்ணனும் அவரு ஆளுங்களும் கொம்புல குந்தின காக்காதான். அப்ப இந்தக் கறுப்பன்தான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும்" என்பார். இரண்டு பேரும் சிரிப்பார்கள். அப்போது அப்படித்தான் இருந்தது.

1874 இலையுதிர் காலத்தில் ஸ்பெயின் கரையோரம் படையணியாக நின்றோம். தலைமைக் கப்பல் கொடி ஏற்றினால், நீராவியில் ஓடும் கப்பல்கள் பாய்க்கு மாற வேண்டும். விசிறியை முதலில் தூக்கியவன் வென்றவன். 'சிஸ்கின்' என்ற கப்பலிடம் நாங்கள் இரண்டு முறை தோற்றோம். இரண்டாம் முறை அவர்கள் ஒரு வாளியில் நத்தையைப் போட்டு, உங்கள் கப்பலுக்குப் புதிய கேப்டன் என்று சொல்லி அனுப்பினார்கள். எங்கள் ஆட்கள் அன்று இரவுச் சாப்பாட்டைச் சரியாகச் சாப்பிடவில்லை.

தூக்கும் முறையைச் சொல்ல வேண்டும். ஒரு கரிக்காரர் கிணற்றுக்குள் இறங்கி, விசிறியைத் தண்டோடு பிணைத்திருக்கும் கொக்கியை விடுவிப்பார். மேலே ஏறி வருவார். அதன் பிறகு கிணற்று வாயில் நிற்பவர் கையைத் தூக்குவார். நூறு பேர் பிடில் இசைக்கு நடந்தபடி கயிற்றை இழுப்பார்கள். விதி அதுதான். ஆனால் சிஸ்கினிடம் தோற்றதிலிருந்து எங்களிடம் வேறொரு வழக்கம் வளர்ந்தது. கொக்கி விடுபட்டு 'டக்' என்று சத்தம் கேட்டதுமே இழுத்துவிடுவோம். உள்ளே இருப்பவர் விசிறிச் சட்டத்தின் மேலேயே தொற்றிக்கொண்டு வந்துவிடுவார். யாரும் கட்டளையிட்ட வழக்கமல்ல. யாரும் தடுக்கவும் இல்லை.

மூன்றாம் முறை கிணற்று வாயில் நின்றவர் ஏபெல். உள்ளே இருந்தவர் சைலஸ். கொக்கி 'டக்' என்றது, ஆனால் பாதிதான் விடுபட்டது. சைலஸ் மறுபடி கையை உள்ளே விட்டார். ஏபெல் கையைத் தூக்கினார்.

அன்று ஊஸல் வென்றது. ஆட்கள் தொப்பியை வீசிக் கத்திக்கொண்டிருந்தபோது விசிறி மேலே வந்தது. சைலஸும் வந்தார்.

விசாரணையில் சைலஸ், தான் கத்தியதாகச் சொன்னார். கேப்டன் ஏபெலைக் கேட்டார். "பிடில் சத்தத்துல ஒண்ணும் கேக்கலைங்கய்யா" என்றார் ஏபெல். யார்மேலும் குற்றமில்லை என்று முடிந்தது.

எங்களிடம் ஒரு மரபு உண்டு. ஒருவருக்குச் செய்த தவறுக்கு ரம்மால் ஈடு செய்வோம். சின்னத் தவறுக்கு என் குவளையில் உனக்கு ஒரு வாய். பெரியதற்கு ஒரு மடக்கு. சொல்லில் அடங்காததற்கு முழுக் குவளை, அடி தெரியும் வரை. மறுநாள் நண்பகலில் ஏபெல் தன் முழுக் குவளையை மருத்துவ அறைக்கு எடுத்துப் போனார். சைலஸ் அதைப் பார்த்துவிட்டு, "கேட்டுச்சா, கேக்கலையா?" என்று மட்டும் கேட்டார். ஏபெல் கேப்டனிடம் சொன்னதையே சொன்னார். சைலஸ் இடது கையால் குவளையைத் தரையில் கவிழ்த்தார். அதற்குப் பிறகு அண்ணனிடம் அவர் பேசவில்லை.

சைலஸை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். ஏபெல் கப்பலிலேயே இருந்தார். தினமும் ரம்மை வாங்கி, பின்தளம் வரை நடந்து, விசிறிக் கிணற்றில் ஊற்றுவார். செங்கடலில் ஊற்றினார், சான்சிபாரில் ஊற்றினார். "கெணத்து மீனுக்கெல்லாம் தலைவலியாம்" என்று பையன்கள் கேலி செய்தார்கள். குடிக்காதவர் என்று பதிந்துகொண்டால் பதிலுக்குப் பணம் கிடைக்கும் என்று நான் அவருக்கு எடுத்துச் சொன்னேன்.

"அது குடிக்காதவனுக்கு. நான் குடிக்கிறவன்" என்றார்.

1881-இல் ஊஸலின் பாய்மரங்களை வெட்டினார்கள். எந்திரத்தையும் விசிறியையும் கழற்றி எடுத்துவிட்டு, டெவன்போர்ட்டை ஒட்டிய ஹாமோஸ் ஆற்றில் கரி வைக்கும் வெறும் கூடாக நிறுத்தினார்கள். ஒற்றைக் கையோடு இருந்த சைலஸுக்கு அதில் காவல் வேலை கிடைத்தது. ஏபெல் ஓய்வூதியக்காரர், வேலை தேவையில்லை. ஆனாலும் அங்கே கரி சுமக்க வந்தார். முகமெல்லாம் கரியாக, கூடையைத் தோளில் வைத்துப் பலகையில் ஏறுவதைப் பழைய பாய்க்காரர்கள் கரையிலிருந்து பார்த்தார்கள். யாரும் கேலி செய்யவில்லை. சைலஸ் அவருக்கு இடவேண்டிய கட்டளையை மூன்றாவது ஆளிடம் சொல்லி அனுப்புவார். ஏபெல் தினமும் இரண்டு இறைச்சி அப்பம் கொண்டுவந்து, ஒன்றைத் தம்பியின் அறை வாசலில் வைப்பார். கடற்காகங்கள் தின்னும். பதினாறு வருடம் இப்படிப் போயிற்று.

சென்ற ஆண்டு நவம்பரில் ஊஸலை உடைப்பதற்கு விற்றார்கள். இழுத்துப் போகும் நாளில் தூறல். மிச்சமிருந்த பொருள்களைச் சரிபார்த்து ஒப்படைக்க நான் போயிருந்தேன். விளக்குகளை ஒப்படைக்கச் சைலஸ் இருந்தார். கயிற்றை அவிழ்க்க ஏபெல் இருந்தார். கிணற்றின் மேல் போட்டிருந்த பலகைகளைக் கப்பல் உடைக்க வந்தவர்கள் ஏற்கெனவே எடுத்துவிட்டிருந்தார்கள். உள்ளே கறுப்புத் தண்ணீர் ஏறி இறங்கியது. சைலஸ் அதன் வாயில் நின்றார். ஏபெல் அந்தப் பக்கமாகக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு வந்தபோது, தண்ணீரைப் பார்த்தபடியே சைலஸ் கேட்டார்.

"அன்னைக்கு நான் என்னன்னு கத்தினேன்?"

ஏபெல் கயிற்றைக் கீழே வைத்தார். விசாரணையில் சைலஸ் கத்தியதாக மட்டும்தான் சொல்லியிருந்தார். என்ன சொல்லிக் கத்தினார் என்பதை அன்று யாரும் கேட்கவில்லை.

"'அண்ணே, நில்லு'ன்னு. ரெண்டு தடவ."

"அப்புறம் ஏன் கையத் தூக்கின?"

"சிஸ்கின்காரன் கையத் தூக்கறது தெரிஞ்சுது."

சைலஸ் தலையை அசைத்தார். தனக்கு முன்பே தெரிந்த ஒன்றைக் கேட்டவர் போலத்தான் அசைத்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு தட்டைப் புட்டியையும் தகரக் குவளையையும் எடுத்தார். புட்டியை அக்குளில் இடுக்கி மூடியைத் திருகினார். ஏபெல் உதவிக்குக் கை நீட்டினார், பிறகு இழுத்துக்கொண்டார். குவளை நிறைய ஊற்றி நீட்டினார் சைலஸ்.

"குவளையக் கவுத்ததுக்கு ஒரு வாய்தான். அதுக்கு மேல இல்ல."

ஏபெல் ஒரு வாய் குடித்தார். இருபத்து மூன்று வருடமாகக் குடிக்காத வாய், இருமல் வந்தது. குவளையைத் திருப்பிக் கொடுத்தார். சைலஸ் மீதியைக் கிணற்றில் ஊற்றினார். இழுவைப் படகு ஊதியது. அவர் விளக்குகளை எடுத்துக்கொண்டு முன்பக்கம் போனார். ஏபெல் கயிற்றைச் சுருட்டி முடித்தார்.